அடாப்டர் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணினியைத் திறந்தால் இணையம் இல்லை.

பெண் காஹாங் என்ற தோட்டப்புற ஊரில் இருந்தார். நான் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். நிச்சயத்துக்குச் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் ஒருமுறை திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்திருந்தார்கள். பெண்ணின் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் வீட்டில் இருப்பார். எனக்கும் அன்றைக்குத்தான் பஸ் கிடையாது. தொழிற்சாலை ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்கி, முடித்தவர்களைத் திரும்ப ஏற்றிவரும் பஸ்ஸை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பதைத் தாண்டிப் பல வருடம் ஆன ஒருவனுக்குப் பெண் பார்ப்பதில் ஊரில் யாருக்கும் அவசரம் இல்லை. அக்காவுக்கு மட்டும் இருந்தது. இதற்கு முன்பும் அவர் விட்டுவைக்கவில்லை. மாசாயில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் அந்த வீட்டுத் தரையில் பதித்திருந்த கற்களின் பூவேலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அங்கிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்குக் காது கேட்குமா என்று விசாரித்தார்கள். இன்னொரு வீட்டில் பெண்ணே என்னிடம், “என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டார். “ஆமா,” என்றேன். அந்தச் சம்பந்தமும் அதோடு நின்றது.

எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தம் இருக்கவில்லை. இந்தக் காஹாங் விஷயம் வேறு. இவரை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

சிம்பாங் ரெங்கத்தில் அத்தான் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் இருந்த பெரிய விசிறிகள் எல்லாம் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பரிமாறுகிற எங்களுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திடீரென்று என் கழுத்தில் காற்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், ஒரு விசிறியைத் தரையோடு இழுத்து வந்து எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் அன்று ஒருவர் இலையில் பாயசம் இருக்கும்போதே ரசத்தை ஊற்றினேன்.

அந்தப் பெண் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்க்கிறார் என்றும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றும் அத்தான் பேச்சுவாக்கில் சொன்னார். நான், “ஓ,” என்றேன். அந்த ஒரு “ஓ” அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே இந்த முறை நான் வாயைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் காஹாங்கிலிருந்தும் காதைப் பற்றி விசாரித்துப் போன் வரும்.

கணினிதான் வேண்டும் என்று சொன்னது நான். முந்தின வாரம் அத்தான் தன் கைப்பேசியை வைத்து ஒத்திகை நடத்தினார். திரை முழுக்க என் மூக்கு தெரிந்தது. மூலையில் இன்னொரு முறை அதே மூக்கு சின்னதாகத் தெரிந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசுவது? கணினியில் அப்படி இல்லை. கேமரா திரையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். நான் தள்ளி உட்காரலாம். என் முகம் தெரிகிற மூலையில் காகிதம் ஒட்டி மறைத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையைச் சுற்றிச் சீட்டு ஒட்டலாம்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டுகள் தயார் செய்திருந்தேன். “சத்தமாகப் பேசவும்.” “அவருடைய வேலையைப் பற்றிக் கேட்கவும்.” “சிரிக்கவும், ஆனால் அளவாக.” “கேட்டதற்கு எல்லாம் ஆமா சொல்லக் கூடாது.” இவற்றைத் திரையின் நான்கு பக்கமும் ஒட்டிவைத்தபோது கணினி திருவிழாத் தேர் மாதிரி இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் ஆயுத பூஜை முடிந்திருந்ததால் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏற்கெனவே இருந்தன. அக்கா ஆயுத பூஜையில் எதையும் விட மாட்டார். தையல் மிஷின், அரிசிக் குக்கர், அத்தானின் டிரில், என் பஸ் சாவி, வீட்டில் உழைக்கிற எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பார்.

அன்று மதியம் சீட்டுகளை ஒட்டி முடித்துக் கணினியைத் தட்டினேன். கீழே மூலையில் வழக்கமாக விசிறி மாதிரி விரிந்திருக்கும் வைஃபை படத்தைக் காணோம். அதற்குப் பதில் ஓர் உலக உருண்டை. அதன்மேல் சின்ன தடைக்குறி.

அத்தானைக் கூப்பிட்டேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சுவரில் சொருகுகிற எதுவாக இருந்தாலும் அது தன் இலாகா என்பது அவருடைய எண்ணம். அந்தக் கணினியும் அவருடைய கம்பெனி கழித்துப்போட்டபோது அவர் வாங்கிவந்ததுதான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, கோளாறு என்ன என்று கணினியையே கண்டுபிடிக்கச் சொன்னார். அது கொஞ்ச நேரம் பச்சைக் கோடு ஓட்டிவிட்டு இங்கிலீஷில் ஏதோ எழுதியது.

“நெட்வொர்க் அடாப்டர் இல்லைங்கிறான்,” என்றார்.

“அப்படின்னா?”

“இல்லைன்னா போட்டுட வேண்டியதுதான், மச்சான். இதுக்கா முழிக்கிற?”

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அடாப்டர் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சுவரில் மாட்டுகிறவை, பழைய ரேடியோவுடையவை, என்னவென்றே தெரியாதவை. கணினியின் ஒயரை ஒவ்வொன்றின் வழியாகவும் மாட்டித் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது அதையே சொன்னது.

“இப்பவும் இல்லைங்கிறான். இவ்வளவு பெருசா மாட்டியிருக்கேன், கண்ணு தெரியல இவனுக்கு.”

அடுத்து வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். உடனே ஹாலில் அக்கா பார்த்துக்கொண்டிருந்த தொடர் நின்றுபோனது. மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கியபடி திரையில் உறைந்து நின்றார். அக்கா கரண்டியோடு வந்தார்.

“எதுக்கு இப்ப அத அணைச்சீங்க?”

“மச்சானுக்குப் பொண்ணு வேணுமா, உனக்குத் தொடர் வேணுமா?”

“ரெண்டும் வேணும். போடுங்க.”

போட்டார். மருமகள் அறை வாங்கினாள். கைப்பேசிகளிலும் தொலைக்காட்சியிலும் இணையம் நன்றாகவே ஓடியது. கணினிக்கு மட்டும் இல்லை. அத்தான் வைஃபை பெட்டியைத் தூக்கிவந்து கணினிக்குப் பக்கத்தில், ஒரு மைலோ சாக்லேட் பவுடர் டின்னின் மேல் வைத்தார். இரண்டும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பலனும் இல்லை. திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அத்தான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“உங்க நிர்வாகியத் தொடர்பு கொள்ளுங்கன்னு போட்டிருக்கான்.” சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “வேணாம். அவ ஏற்கெனவே கோவத்துல இருக்கா.”

நாலரை ஆனது. அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“போன்லயே பேசுடா. இஸ்திரி மேசை மேல நிக்க வைக்கிறேன். தள்ளி நின்னு பேசு.”

“கம்ப்யூட்டர்லதான்.”

“ஏண்டா?”

சீட்டுகளைக் காட்டினேன். அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். அளவாகச் சிரிப்பது பற்றிய சீட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அக்காவின் கைப்பேசி அடித்தது. பெண்ணின் அண்ணி. எல்லாம் தயாரா, எப்போது கூப்பிடலாம் என்று கேட்டார். அக்கா இரண்டொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். “கம்ப்யூட்டர்ல ஏதோ அடாப்டராம். காணாமப் போச்சுங்கிறாங்க. நேத்து வரைக்கும் வீட்டுக்கு யாருமே வரல, யாரு எடுத்திருப்பான்னு தெரியல.”

அந்தப் பக்கம் கசகசவென்று பேச்சு. பிறகு வேறு ஒரு குரல், அறைக்கே கேட்கிற மாதிரி; பெண்தான் பேசினார்.

“அக்கா, இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி யாரு உக்காந்திருக்காங்க?”

“தம்பிதாம்மா.”

“போன அவங்க பக்கத்துல வைங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, அவங்களுக்கு ரெண்டு கையும் வேணும்.”

அக்கா கைப்பேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார், ஏதோ சூடான பாத்திரத்தை இறக்கிவைப்பதுபோல.

“ஹலோ.”

“ஆமா,” என்றேன்.

“என்ன ஆமா? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே.”

அத்தான் பின்னால் சிரித்தார். நான் சீட்டுகளைப் பார்த்தேன். இந்த நிலைமைக்கு ஒரு சீட்டும் இல்லை.

“ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு, படிங்க.”

“எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தோட்டப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு வரைக்கும்தான்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தகவலைத் தட்டு வைக்கிற அன்றைக்குச் சொல்வதாக இருந்தார்.

“கூட்டுங்க,” என்றது குரல். “நான் சேத்துக்கிறேன்.”

அவர் சொன்னபடி திரையின் கீழே இருந்த ஜன்னல் படத்தின்மேல் மவுஸை வைத்து வலது பக்கம் தட்டினேன். ஒரு பட்டியல் விரிந்தது. டி, இ, வி என்று தொடங்கும் வரியைத் தேடச் சொன்னார். தேடினேன். இன்னொரு பட்டியல் வந்தது. கணினிக்குள் இருக்கும் சாமான்கள் எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன என்றார். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். நான் எழுத்தைச் சொல்லச் சொல்ல, அவர் அதைச் சொல்லாக்கித் திருப்பித் தந்தார்.

“எம், ஐ, சி, இ.”

“மைஸ். எலிங்க.”

“எலியா? உள்ளயா?”

“இல்லலா. மவுஸ்தான். ஒண்ணுக்கு மேல இருந்தா மைஸ்.”

“எங்க வீட்டுல ஒண்ணுதான் இருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. அளவான சிரிப்பு இல்லை.

“சரி, ‘என்’ எழுத்துல ஏதாச்சும் தொடங்குதா? நெட்வொர்க்குன்னு.”

“எம் முடிஞ்சு நேரா பி வந்துருது. ‘என்’ இல்ல.”

“பாருங்க, அங்க இருக்க வேண்டிய வரியே இல்ல. அதுல முன்ன ஒயர் மாட்டித்தானே நெட் வந்திருக்கும்?”

அத்தான் முன்னால் குனிந்தார். “அது போன வருஷம் இடி விழுந்ததுல போயிருச்சு. நான்கூட அப்பவே சொன்னேன், இந்த மாதிரி மழைக்கு...”

“யாரு அது பின்னாடி?”

“அத்தான்.”

“அவங்களக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க.”

“நான் எப்படிச் சொல்றது, அவர் வீடு.”

“அப்ப நான் சொல்றேன். அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க.”

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அக்கா அவரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து செய்ய முயன்ற காரியம் அது. அக்காவின் முகத்தில் அந்தக் குரலின்மேல் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன்.

மேலே வியூ என்று இருப்பதைத் தட்டி, ஹிட்டன் என்ற சொல் வரும் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒளிந்திருப்பவற்றைக் காட்டு என்று அதற்கு அர்த்தமாம். தட்டியதும் பட்டியல் நீண்டது. ‘என்’ எழுத்தில் ஒரு வரி எங்கிருந்தோ முளைத்தது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பெயர், மற்றதைப்போல் கறுப்பாக இல்லாமல் வெளிறிப்போய் இருந்தது.

“ஒண்ணு இருக்கு,” என்றேன். “பேய் மாதிரி இருக்கு.”

“அதான். அது செத்துப் போகல. முன்ன இருந்துச்சு, இப்ப தொடர்பு இல்ல, அவ்வளவுதான். அந்தப் பேருல யூ, எஸ், பி இருக்கா?”

கூட்டினேன். இருந்தது.

“அப்ப அது வெளிய சொருகுற சாமான். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னாடி குட்டியா ஒண்ணு சொருகியிருக்கும், பாருங்க.”

மேசைக்கு அடியில் புகுந்தேன். பெட்டியை இழுத்ததில் மேசை ஆடியது, மேலே இருந்த சீட்டுகள் விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாகப் பறந்தன. அப்போது அதைக் கவனிக்கவில்லை. பெட்டியின் முதுகில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான் இருந்தது. பிடுங்கி எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

“கெடச்சுதா? அதோட வாய்ல ஏதாச்சும் இருக்கா, தூசி கீசி?”

“பொட்டு இருக்கு.”

“என்ன பொட்டு?”

“சந்தனப் பொட்டு. நடுவுல குங்குமம்.”

கைப்பேசி குலுங்குவதுபோல் ஒரு சத்தம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தொடங்குவார், நிறுத்துவார், ஏதோ கேட்க வருவார், மறுபடி சிரிப்பார். அவர் வீட்டிலும் யாரோ என்ன என்ன என்று கேட்கும் குரல்.

அக்கா குனிந்து கைப்பேசியைப் பார்த்து நியாயம் சொன்னார். “எல்லாத்துக்கும் வச்சேன்மா. அது ஒண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? கறுப்புப் பக்கம் வச்சா நிக்கல. வெள்ளியாட்டம் மினுமினுன்னு இருந்த பக்கம்தான் நின்னுச்சு.”

“பூஜை முடிஞ்சு நான்தான் திருப்பிச் சொருகினேன்,” என்றார் அத்தான், சும்மா இருக்க முடியாமல். “கொஞ்சம் டைட்டாத்தான் போச்சு.”

“பரவாயில்லக்கா,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. “எங்க ஆபீஸ்ல போன வருஷம் எடைமேடை கம்ப்யூட்டருக்குப் பூஜ போட்டாங்க. கீபோர்டுல ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாப் பொட்டு. அப்புறம் எந்த லாரி வந்தாலும் ஒரே நம்பராத்தான் விழுந்துச்சு. மானேஜர் அவரே உக்காந்து சொரண்டினாரு. நீங்க இப்ப தண்ணி தொடாதீங்க. பல்லுக் குச்சியால காஞ்சத மெதுவா எடுங்க. அப்புறம் பஞ்சுல சானிடைசர் தொட்டுத் துடைங்க.”

கடைசியில் சொன்னது எனக்கு. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினேன். உள்ளே மெல்லிய தகடுகள் இருந்தன. அவற்றின் இடுக்கில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. அவசரப்பட முடியாத வேலை. கைப்பேசியைப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டேன்.

“வருதா?”

“வருது. பூச்சிப் பல்லக் குடையிற மாதிரி இருக்கு.”

“பஸ்ஸுல எத்தன பேரு ஏத்துவீங்க?”

“நாப்பது சொச்சம். போகும்போது பேசிக்கிட்டே வருவாங்க. திரும்பும்போது எல்லாரும் தூங்கிருவாங்க. சில பேரு வாயத் தொறந்துக்கிட்டு.” ஒரு துண்டு சந்தனம் பெயர்ந்து வந்தது. அதை ஊதினேன். “தொழிற்சாலைய விட்டு வர்ற ரோட்டுல ஒரே மேடு. பஸ் தூக்கிப் போட்டா முழிச்சிருவாங்க. அதனால நான் அந்த ரோட்ட விட்டுட்டுச் சுத்தி வருவேன்.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.”

அக்கா வாயில் கையை வைத்தார். நான் இத்தனை சொற்களை ஒரே மூச்சில் கடைசியாக எப்போது பேசினேன் என்று அவர் யோசிப்பதுபோல் இருந்தது. எனக்கே அது அப்புறம்தான் உறைத்தது. கையில் ஒரு வேலை இருந்தது. பார்க்க ஒரு முகம் இல்லை. எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் அந்த வேலைமேல்தான் கவனம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

துடைத்துக் காயவிட்டுச் சொருகினேன். டிங் என்று கணினி ஒரு சத்தம் கொடுத்தது. வெளிறிப்போயிருந்த வரி மெல்லக் கறுத்தது. மூலையில் இருந்த உருண்டை போய் விசிறி விரிந்தது.

“வந்துருச்சு.”

“வந்துருச்சா? அப்ப வைக்கிறேன். வீடியோவுல வாங்க.”

போன் அணைந்தது. அணைந்த பிறகுதான் எனக்குப் பயம் திரும்ப வந்தது. சீட்டுகள் ஒன்றும் திரையில் இல்லை. ஒன்று மட்டும் அத்தான் காலடியில் கிடந்தது. எது என்று குனிந்து பார்ப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. அக்கா என் இடது பக்கம், அத்தான் வலது பக்கம். தட்டினேன்.

திரை நிறைய ஆட்கள். நடுவில் அவர், பக்கத்தில் அண்ணன், பின்னால் அண்ணி. எல்லாரும் குளித்துப் பவுடர் போட்டு, சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் இருந்தார்கள். அவர் அன்று நீலச் சேலை. ஒருமுறைதான் பார்த்தேன். பிறகு என் கண் விசைப்பலகைக்கு இறங்கிவிட்டது.

“சாப்பிட்டாச்சா?” என்று அண்ணன் கேட்டார்.

“ஆமா.”

“பஸ் வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“ஆமா.”

அக்கா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். அண்ணன் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மாசாயில் பார்த்திருக்கிறேன். இனி நாளைக்குப் போன் வரும். இந்தத் தடவை நான் தரைக் கற்களை நினைத்துச் சமாதானம் ஆக முடியாது. தொண்டைக்குள் சொற்கள் இருந்தன. எழுத்து எழுத்தாக இருந்தன. சேர்ந்து வர மறுத்தன.

“அண்ணே, இருங்க,” என்றது அவர் குரல். “இப்பத்தான் அரை மணி நேரமாப் பேசினாரு. இத்தன மூஞ்சி முன்னாடின்னா யாருக்கும் வராது.”

திரை கறுத்தது. மறுபடி இணையம் போய்விட்டது என்று அத்தான் மைலோ டின்னை நோக்கிக் கையை நீட்டினார்.

“நெட்டு போகல,” என்றார் அவர், இருட்டுக்குள்ளிருந்து. “எங்க கேமராவ நான்தான் அணைச்சேன். உங்களதையும் அணைங்க. கீழ கேமரா படம் இருக்கும், அதத் தட்டுங்க.”

தட்டினேன். நானும் மறைந்துபோனேன்.

“பொண்ணு பாக்குற சடங்குல பொண்ணயே மறைச்சிட்டா எப்படி?” என்று அவர் அண்ணி சொல்வது கேட்டது.

“அவரு என்னக் கல்யாணத்துலயே பாத்துட்டாரு. ரசம் ஊத்துறப்ப.” கொஞ்சம் நிறுத்தினார். “நானும் பாத்தேன்.”

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப நான் ஒண்ணு சொல்லணும்,” என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. “நான் வேலைய விட மாட்டேன். காஹாங்க விட்டும் வர மாட்டேன். அம்மா படுக்கையில இருக்காங்க. முன்ன வந்தவங்க எல்லாம் இதக் கேட்டுட்டு அப்புறம் சொல்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. யாரும் அப்புறம் சொல்லல. நீங்களும் யோசிச்சுச் சொல்லலாம், அவசரம் இல்ல.”

அக்காவின் கை மேசைமேல் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனால் பின் அறையைக் காலி செய்து சாயம் அடிக்க வேண்டும் என்று அவர் பல வருடமாகச் சொல்லிவருகிறார். என்ன நிறம் என்றுகூட முடிவாகியிருந்தது. எங்கள் அம்மா இறந்த பிறகு என் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்தால் பேச முடியாது என்று தெரிந்ததால் பார்க்கவில்லை.

“அங்க பஸ் ஓட்ட ஆளு எடுக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“தோட்டத்துப் புள்ளைங்கள ஏத்துற ஸ்கூல் பஸ் இருக்கு. டிரைவர் யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. புள்ளைங்க சத்தம் தாங்காம ஓடிடுறாங்க.”

“சத்தம் பரவாயில்ல. அவங்க பேசினா நான் பேச வேண்டியதில்லையே.”

அவர் சிரிக்கவில்லை.

“யோசிச்சுத்தான் சொல்லுங்க,” என்றார் மறுபடி.

“யோசிச்சிட்டேன்,” என்றேன். “வர்றேன்.”

“எப்ப?”

“அடுத்த ஞாயித்துக்கிழம. தட்டோட.”

அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார். அண்ணி ஏதோ கிசுகிசுத்தார்.

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் கழுவுகிற சத்தம் வந்தது. அத்தான் எழுந்து பின்னால் போகப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குழாய் நின்றது.

“எத்தன தட்டு வைக்கணும்னு கேளுடா,” என்று அங்கிருந்து அக்காவின் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. “இருட்டுல உக்காந்துக்கிட்டு நீங்க ரெண்டு பேரே பேசினாப் போதுமா?”

நான் கேட்டேன்.

“ஒம்போது போதும்,” என்றார் அவர். “எங்க வீட்டு ஹால் சின்னது. அக்காவ முன்னாடி வந்து உக்காரச் சொல்லுங்க. நான் கேமராவப் போடுறேன்.”